கரவாங் தெருவின் இரண்டாவது குழு

நவம்பர் 25, செவ்வாய்

சாயங்காலம் சிவப்பு மூடித் தொட்டியை உருட்டிக்கொண்டு போய் வாசலில் வைத்தேன். திரும்பி வந்து கதவைச் சாத்துவதற்குள் எதிர் வீட்டு வெர்ன் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாயிற்று. அடுத்து அவர் வீட்டுச் சிவப்புத் தொட்டி. அடுத்து பக்கத்து வீட்டு நோலீனுடையது. இருட்டுவதற்குள் கரவாங் தெரு முழுக்கச் சிவப்பு மூடி. ஒரு வாரம் வீட்டுக் குப்பைக்குச் சிவப்பு, மறு வாரம் காகிதம், பாட்டில்களுக்கு மஞ்சள். இதற்கென்று நகராட்சி வருஷா வருஷம் ஒரு அட்டவணை அச்சடித்து வீட்டுக்கு வீடு போடுகிறது. இந்த முட்டுச்சந்தில் அதைப் பிரித்துப் பார்க்கிற ஒரே ஜீவன் நான்தான். மற்றவர்களுக்கு நானே அட்டவணை.

"திடீர்னு ஒரு நாள் நீ செத்துப் போயிட்டா இந்தத் தெருக் குப்பையெல்லாம் என்ன ஆகும்?" என்று டெஸ் கேட்டான். இத்தனை வருஷம் குடித்தனம் செய்த கணவனுக்கு வருகிற கவலையைப் பார்.

கைபேசியில் எங்கள் தெருக் குழுவில் செய்தி போட்டேன்: "இந்த வாரம் சிவப்பு. மூடி முழுதாக மூடியிருக்க வேண்டும்." நோலீன் ஒரு கட்டைவிரல் படம் போட்டாள். முனை வீட்டு டாலியா ஒரு கட்டைவிரல். இந்தக் கட்டைவிரலைப் பற்றி ஒரு நாள் விவரமாக எழுத வேண்டும்.

நவம்பர் 28, வெள்ளி

எழுதும்படி ஆகிவிட்டது. வெர்னின் நாய் செத்துப்போனது. பாவம், மனிதர் குழுவில் ஒரே வரி போட்டிருந்தார்: "இன்று காலை பிஸ்கட் போய்விட்டான்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். செத்ததுக்கு என்ன சபாஷா? பொறுக்க முடியாமல் எழுதினேன்: "இறப்புச் செய்திக்குக் கட்டைவிரல் போட வேண்டாம். ஆறுதலாக இரண்டு வார்த்தை எழுதினால் விரல் தேய்ந்துவிடாது."

ஒருவரும் பதில் எழுதவில்லை. வெட்கப்பட்டிருப்பார்கள். நான் நேரிலேயே வெர்ன் வீட்டுக்குப் போனேன், அடுப்பில் வேகவைத்த கோழி ஒரு தட்டோடு. "வா அம்மணி" என்று உள்ளே கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது. "யாரும் எதுவும் எழுதாம இருந்திருந்தாலே எனக்குச் சரியா இருந்திருக்கும்" என்றார். அதைத்தானே நானும் சொல்கிறேன்.

டிசம்பர் 3, புதன்

டாலியா வீட்டு மணியை அடித்தேன், எலுமிச்சம்பழம் கொடுக்க. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே, மணியில் இருக்கிற ஒலிபெருக்கி வழியாகக் கேட்கிறாள்: "யாரு, க்ளெனிஸா? வர்றதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே?"

எலுமிச்சம்பழத்துக்கு மெசேஜ். பல் மருத்துவமனை வரவேற்பறையில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க, முன்பதிவு இல்லாமல் வந்தவர்களைக்கூட முகம் பார்த்து "உக்காருங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 6, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மத்தியானம் டெஸ் கொட்டகையில் புல்வெட்டி வண்டியின் அடியில் படுத்திருந்தான். கையெல்லாம் கிரீஸ். "என் போன்ல ஒரு போட்டோ இருக்கு, அந்தப் பெல்ட்டு நம்பரைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு தாயே" என்றான். எடுத்தேன். நம்பரைப் படித்துக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல்பக்கத்திலிருந்து ஒரு செய்தி இறங்கியது.

'கரவாங் ஜாலி. நோலீன்: சாயங்காலம் எங்க வீட்டுப் பின்பக்கம், ஆளுக்கொரு பாட்டில். யார் யார்?'

இறங்கின வேகத்திலேயே மேலே போய்விட்டது. 'கரவாங் ஜாலி'யா? எங்கள் குழுவின் பெயர் 'கரவாங் தெரு அறிவிப்புகள்'. அது நான் வைத்த பெயர். என் கைபேசியை எடுத்துத் தேடிப் பார்த்தேன். ஜாலி என்று எதுவும் என்னிடம் இல்லை.

"என்ன ஆச்சு, நம்பரு?" என்று வண்டிக்கு அடியிலிருந்து டெஸ் கேட்டான். சொன்னேன். போனை அவன் கருவிப் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்தவர் போனைத் திறந்து பார்ப்பதும் அடுத்தவர் தபாலைப் பிரிப்பதும் ஒன்றுதான் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் வாயே எனக்குப் பூட்டு.

நோலீனா? அவளா? அந்தக் காலத்தில் அவள் மகளைப் பெற்றெடுக்கப் போனபோது அவள் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. கெட்டிலுக்குப் பக்கத்துக் கொக்கியில்.

டெஸ்ஸும் இருக்கிறான். என் புருஷன், நான் இல்லாத குழுவில்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் நடக்கும்போது புத்தி வந்தது. பதினான்காம் தேதி எனக்கு அறுபத்தைந்து முடிகிறது. எனக்குத் தெரியாமல் ஏதோ ஏற்பாடு செய்கிறார்கள். அதற்குத்தான் தனிக் குழு. இது தெரியாமல் நேற்றெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு டெஸ்ஸுக்கு வெறும் டோஸ்ட் போட்டேன்.

முடி வெட்டிக்கொள்ள வேண்டும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளக் கண்ணாடி முன்னால் பழகினேன். வாயைத் திறந்து, கையை மார்பில் வைத்து. ரொம்ப அதிகமாக இருக்கிறது. கை வேண்டாம்.

டிசம்பர் 14, ஞாயிறு

நீல உடை போட்டுக்கொண்டேன். டெஸ் என்னைக் கிளப்புக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன், இவன் என்னை வீட்டை விட்டு வெளியே கொண்டுவருவதே அவர்கள் வீட்டுக்குள் போய்த் தோரணம் கட்டத்தான் என்று. ரொட்டித்தூளில் பொரித்த கோழி, மேலே உருகின சீஸ். அவசர அவசரமாகச் சாப்பிட்டேன். "எங்க போகப் போற, மெதுவாச் சாப்பிடு" என்றான் டெஸ்.

வீட்டுக் கதவைத் திறந்தேன். கை தானாக மார்புக்குப் போய்விட்டது. கூடத்தில் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்தான் இருந்தது.

நோலீன் வருஷா வருஷம் என் பிறந்தநாளுக்குப் பாஷன்ப்ரூட் ஐசிங் போட்ட ஸ்பாஞ்ச் கேக் கொண்டுவருவாள். இந்த வருஷம் கைபேசியில் ஒரு கேக் படம் வந்தது. மெழுகுவர்த்தி ஆடுகிற படம். நான் ஒரு கட்டைவிரல் போட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

ஆக, அது எனக்காகத் தொடங்கின குழு இல்லை. நான் இருக்கக் கூடாது என்று தொடங்கின குழு.

டிசம்பர் 20, சனி

நாலு மணிக்கு டெஸ், "வெர்னோட ட்ரில்லைக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினான். துளை போடுகிற இயந்திரத்தைக் கொடுக்கப் போகிறவன் எதற்கு நல்ல சட்டை போட்டுக்கொள்ள வேண்டும்?

முன் ஜன்னலில் நின்றேன். ஒளிந்து பார்க்கவில்லை, என் வீட்டு ஜன்னல். வெர்ன் மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாலியா வீட்டுப் பக்கம் நடந்தார். நோலீன் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள், மேலே பாத்திரத்தில் அவளுடைய உருளைக்கிழங்கு சாலட். அந்தச் சாலட்டில் கடுகு சேர்க்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். டாலியாவின் புருஷன் ப்ரோடி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். புகை வந்தது. சிரிப்பும் வந்தது.

வருஷக் கடைசிப் பார்பிக்யூ எப்போதும் எங்கள் வீட்டில்தான் நடக்கும். யார் என்ன கொண்டுவருவது என்று நான்தான் பிரித்துக் கொடுப்பேன். இல்லாவிட்டால் எல்லோரும் மலிவு சாசேஜைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு அடுத்தவர் மாட்டிறைச்சியில் கையை வைப்பார்கள். வெர்ன் அதைத்தான் செய்வார். போன வருஷம் அதை அவரிடமே சொன்னேன். எல்லோரும் மனசுக்குள் நினைத்ததை ஒருத்தி வாய்விட்டுச் சொன்னால் அது தப்பா?

டெஸ் இருட்டினபின் வந்தான். சட்டை முழுக்கப் புகை நாற்றம், காலரில் தக்காளி சாஸ்.

"ட்ரில் நல்லா இருந்துச்சா? சாஸ் போட்டுச் சாப்பிட்டீங்களாக்கும்" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். மறைக்கவும் தெரியாது அவனுக்கு. "எப்பத்துல இருந்து தெரியும்?"

"நீ எப்பத்துல இருந்து அதுல இருக்க? அதைச் சொல்லு."

"மார்ச்சு."

மார்ச்சு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈஸ்டர், அவன் முழங்கால் ஆபரேஷன், எங்கள் கல்யாண நாள், எல்லாம் அந்தக் குழுவுக்குப் பிறகுதான். ஆபரேஷன் சமயத்தில் நான் அவன் காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது அவன் போனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். வலி மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டெஸ்."

"சொன்னா நீ வருத்தப்படுவ."

"இப்ப சந்தோஷமா இருக்கேனா?"

"அவங்கள்லாம் மோசமானவங்க இல்ல க்ளென். அங்க சும்மா பேசிக்கறாங்க, அவ்வளவுதான். நீ இருந்தா... எல்லாரும் இன் பண்ணின சட்டையோட உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

இதை அவனாக யோசித்திருக்க முடியாது. யாரோ அந்தக் குழுவில் சொல்லி, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவனும் சிரித்திருப்பான்.

டிசம்பர் 21, ஞாயிறு

உள் அறையில் படுத்தேன். அழவில்லை. பொய். அழுதேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

சிவப்பு வாரம். வெளியே வைத்தேன். வைத்த சூட்டில் வெர்ன் வீட்டுத் திரை விலகியது, டாலியா வீட்டு விளக்கு எரிந்தது, நோலீன் வீட்டுக் கதவு திறந்தது. எல்லோரும் என் தொட்டியைப் பார்த்துத் தங்கள் தொட்டியை வைத்தார்கள்.

பார்பிக்யூவுக்கு ஆகாதவள் குப்பைக்கு மட்டும் ஆவாளாம்.

டிசம்பர் 26, வெள்ளி

நோலீன் மீந்த ஹாம் கொண்டுவந்தாள். பின்வாசல் வழியாக வராமல் முன்வாசல் மணியை அடித்தாள். இதுவும் புதுசு.

"கிறிஸ்துமஸ் எப்படிப் போச்சு?" என்றாள்.

"அமைதியா" என்றேன்.

"எங்க வீட்டுல எறாத் தலை ஃப்ரீசர் முழுக்க. ஐஸ்க்ரீம் வைக்க எடமில்ல." சிரித்தாள். "அடுத்த சிவப்பு எப்போ?"

முகத்தைப் பார்த்தேன். ஒரு கூச்சம்? ஒரு குற்ற உணர்ச்சி? எதுவும் இல்லை. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற மாதிரி நிற்கிறாள். "சொல்றேன்" என்றேன். ஹாமுக்கு நன்றி சொன்னேன். தட்டைக் கழுவி உடனே திருப்பிக் கொடுத்தேன். சிநேகிதர்கள் தட்டை உடனே திருப்பிக் கொடுப்பதில்லை, அடுத்த முறை ஏதாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். அவளுக்கும் அது தெரியும். தட்டைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

செய்துவிட்டேன்.

இந்த வாரம் மஞ்சள். மஞ்சள் தொட்டியை வாசல்வரை உருட்டிக்கொண்டும் போனேன். அங்கே நின்று யோசித்தேன். இந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டு ஃப்ரீசரிலும் கிறிஸ்துமஸ் இறால் தலையும் ஓடும் பைகட்டி உறைந்து கிடக்கிறது. இந்த ஊர் டிசம்பர் வெயிலில் அதை வெறும் தொட்டியில் போட்டால் மறுநாளே நாறிவிடும் என்று, சிவப்பு எடுக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலம்வரை யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள். நான் சிவப்பை வைத்தால்தான் எடுப்பார்கள்.

மஞ்சளைத் திருப்பி உள்ளே கொண்டுபோனேன். சிவப்பைக் கொண்டுவந்து வைத்தேன்.

வெர்ன் வீட்டுத் திரை. டாலியா வீட்டு விளக்கு. ப்ரோடி பனி படிந்த பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தொட்டியில் கொட்டினான். எல்லோரும் வைத்தார்கள். ஒருவர்கூட அட்டவணையைப் பார்க்கவில்லை.

என்னுடைய இறால் தலைகள் ஃப்ரீசரிலேயே இருக்கின்றன.

டிசம்பர் 31, புதன்

மஞ்சள் வண்டி வந்தது. தெருவைச் சுற்றியது. ஒரு தொட்டியையும் தொடாமல் போய்விட்டது.

புத்தாண்டு வாழ்த்து போட்டார்கள், அறிவிப்புகள் குழுவில். பட்டாசு வெடிக்கிற படம். நானும் பதிலுக்குப் போட்டேன், மனசார.

ஜனவரி 2, வெள்ளி

அனல். முப்பத்தொன்பது டிகிரி என்று ரேடியோ சொல்கிறது. சந்து முழுக்க இறால். ஈ. டாலியா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தொட்டியைக் கராஜுக்குள் தள்ளினாள், பிறகு உள்ளே இன்னும் மோசம் என்று வெளியே தள்ளினாள். வெர்ன் தன் தொட்டி மூடிமேல் செங்கல் வைத்திருக்கிறார்.

எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். காலையில் கொஞ்ச நேரம் இருந்தது.

மத்தியானம் டாலியா தெருவில் நின்று சத்தமாகப் போனில் பேசினாள், நகராட்சியோடு. ஜன்னல் திறந்திருந்ததால் கேட்டது. "இல்லைங்க, நீங்கதான் தப்பாச் சொல்றீங்க. இந்த வாரம் சிவப்புதான். எப்படித் தெரியுமா? எங்க தெருவில க்ளெனிஸ்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்க சிவப்பு வெச்சாங்க. அவங்க தப்பே பண்ண மாட்டாங்க. உங்க அட்டவணையை ஒருதரம் சரி பாருங்க."

ஜன்னலை மூடிவிட்டேன். வெயிலுக்கு.

டெஸ் என்னைப் பார்த்தான், எங்கள் மஞ்சள் தொட்டியைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஜனவரி 4, ஞாயிறு

நோலீன் வந்தாள். மெசேஜ் இல்லை, மணி இல்லை. பின்வாசல் வழியாக நேரே சமையலறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ வேணும்னுதான் பண்ணின."

"என்ன பண்ணினேன்?"

"நடிக்காதடி. நான் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். மஞ்சளைக் கொண்டு வந்த. நின்ன. திரும்பக் கொண்டு போய் சிவப்பை எடுத்துட்டு வந்த. எல்லாம் பாத்தேன்."

திரும்பிக் கெட்டிலைப் போட்டேன். "பாத்துட்டு நீயும் எதுக்குச் சிவப்பு வெச்ச?"

"நான் மட்டும் மஞ்சள் வெச்சா மத்தவங்க முழிச்சுக்க மாட்டாங்களா? உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்ல." மூக்கைச் சுளித்தாள். "எங்க வீட்டுப் பின்பக்கம் போய்ப் பாரு. ரெண்டு கிலோ எறாத் தலை. மனுஷி நிக்க முடியல."

சிரிப்பு வந்தது எனக்கு. அவளுக்கும் வந்தது. ஆனால் நான் விடவில்லை. விட முடியவில்லை. "அந்தக் குழுவை ஆரம்பிச்சது யாரு நோலீன்?"

"டெஸ் சொல்லிட்டானா?"

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான்." மேசைத் துணியின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். "ஆர்லோ பொறந்தப்ப."

ஆர்லோ அவள் பேரன். தூரத்தில், டார்வின் நகரத்தில் பிறந்தவன். இன்னும் அவள் அவனைத் தூக்கவே இல்லை, படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"அன்னிக்கு என் பொண்ணு அனுப்பின படமெல்லாம் குழுவில போட்டேன். கை, கால், கொட்டாவி விடறது, எல்லாம். எனக்கு வேற யார்கிட்டக் காட்ட இருக்கு? நீ என்ன எழுதின, ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை.

"'வாழ்த்துகள். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு படம் போதுமே.'"

சொன்னதும் ஞாபகம் வந்தது. "நீ சிரிக்கிற முகம் போட்டியே" என்றேன். "கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிற முகம். மூணு தடவை போட்ட."

"ஆமா போட்டேன். இதோ இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து அழுதுக்கிட்டே போட்டேன். வேற என்ன போடறது? அதுல நீ சரியாத்தான் இருந்த க்ளென், நீ எப்பவும் சரியாத்தான் இருப்ப."

கெட்டில் கொதித்து அணைந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். பின்கதவு திறந்துதானே இருக்கு" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. "நீ குழு ஆரம்பிச்சு, என் புருஷனையும் அதுல சேர்த்து, நான் ஒருத்தி மட்டும் மடச்சி மாதிரி மஞ்சள், சிவப்புன்னு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன். பிறந்தநாளுக்குன்னு கண்ணாடி முன்னாடி பழகினேன் தெரியுமா? ஆச்சரியப்படறதுக்கு."

நோலீன் என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ" என்றாள், மெதுவாக. மன்னிப்பு என்ற வார்த்தையை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் மற்றவள் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

போகும்போது வாசலில் நின்று, "உன்னையும் அதுல சேர்த்துடறேன்" என்றாள். "ஒண்ணு மட்டும் செய். எதையாவது படிச்சு உனக்குக் கை அரிச்சா, எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணி குடி. அப்புறம் எழுது."

ஜனவரி 5, திங்கள்

'நோலீன் உங்களை "கரவாங் ஜாலி"யில் சேர்த்தார்.' கீழே அவளே எழுதியிருந்தாள்: "நம்ம க்ளெனிஸ் வந்தாச்சு. எல்லாரும் நல்லபடியா நடந்துக்கோங்க."

வெர்ன் ஒரு கட்டைவிரல். டாலியா கை தட்டுகிற படம். நான் "வணக்கம்" என்று போட்டேன். அதை எழுதுவதற்கு முன்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

நேற்று சிவப்பு வண்டி வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனது. தெருவே மூச்சு விட்டது. டாலியா ஜாலியில் எழுதினாள்: "சனிக்கிழமை எங்க வீட்டுல, தொட்டி காலியான விழா. ஐஸ் யார் கொண்டு வர்றீங்க?" வெர்ன் கட்டைவிரல் போட்டார். ப்ரோடி கட்டைவிரல். நோலீன் கட்டைவிரல்.

நான் தண்ணீர் குடித்தேன். இரண்டு டம்ளர். பிறகு எழுதினேன்: "கட்டைவிரல் என்றால் நான் கொண்டுவருகிறேன் என்று அர்த்தமா, யாராவது கொண்டுவாருங்கள் என்று அர்த்தமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்."

மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறேன்.

ஜனவரி 10, சனி

விழா தள்ளிப் போய்விட்டது என்று டாலியா ஒரு வரி போட்டாள். ப்ரோடிக்குத் தலைவலியாம்.

ஜனவரி 14, புதன்

ஜாலியில் சத்தமே இல்லை. முந்தாநாள் நோலீன் ஆர்லோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படம் போட்டாள். நான் மட்டும் எழுதினேன், "நேராக உட்கார்கிறான்" என்று. வேறு யாரும் வாயே திறக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது டெஸ் போன் ஒருதரம் முனகியது. இன்னொருதரம். என்னுடையது பக்கத்திலேயே ஊமையாகக் கிடந்தது. இரண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம். மூன்றாம் தரம் முனகினபோது டெஸ் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டு, போனைத் திறந்து என் பக்கம் தள்ளினான்.

"நீயே பாரு. நான் கேட்டுச் சேரல. அவங்களாச் சேர்த்துட்டாங்க. இந்தத் தடவை மறைக்க மாட்டேன்."

புதுக் குழு. பேர்கூட வைக்கவில்லை, ஒரு சாசேஜ் படம் மட்டும். முதல் வரி டாலியாவுடையது: "நோலீனை விட்டுட்டேன். அவங்களுக்குத் தெரிஞ்சா க்ளெனிஸுக்குத் தெரிஞ்சிடும். புரிஞ்சுக்குவீங்கன்னு நினைக்கிறேன்." கீழே கட்டைவிரல்கள். வெர்னுடையதும் இருந்தது.

என்னை விட்டதுகூட எனக்குப் பழகிவிட்டது. நோலீனையா? அவள் தொடங்கி வைத்த கூட்டம். உருளைக்கிழங்கு சாலட் மட்டும் இனித்ததா இவர்களுக்கு? அவள் செய்த ஒரே தப்பு என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனது.

"வெளிய வந்துடவா?" என்று டெஸ் கேட்டான்.

"வேண்டாம். நீ வெளிய வந்தா எதுக்குன்னு பேச்சு வரும். நோலீன் காதுக்குப் போகும்."

"அவகிட்ட நீ சொல்ல மாட்டியா?"

பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

சொல்லத்தான் போனேன். அவள் வீட்டுப் பின்வாசலில் கால் வைத்ததுமே போனை நீட்டினாள், ஆர்லோ தவழ்கிறான். "இரு இரு, ஜாலியிலயும் போட்டுடறேன்" என்று போட்டாள். போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாராவது எழுதுவார்கள் என்று.

சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 24, சனி

டாலியா வீட்டில் பார்பிக்யூ. மத்தியானமே டெஸ் சொல்லிவிட்டான். அவன் போகவில்லை. முழங்கால் வலி என்று அவர்களுக்குப் பதில் போட்டுவிட்டு வீட்டில் இருந்தான்.

மூன்று மணிக்கு நோலீனைத் தேநீருக்குக் கூப்பிட்டேன். பின்பக்கம் நாற்காலி போட்டேன். "முன்னாடி உக்காரலாமே, காத்து அங்கதானே வரும்?" என்றாள். முன்பக்கம் வெயில் அடிக்கிறது என்றேன். டெஸ் கேக்கை வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு எங்கள் கூடவே உட்கார்ந்துகொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து நோலீன் போனை எடுத்துப் பார்த்தாள், மடியில் வைத்தாள். "ஏன் க்ளென், நம்ம ஜாலியில யாரும் பேசறதே இல்லையே? நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?"

"நீ என்ன தப்பா எழுதப் போற?" என்றேன். "லீவு முடிஞ்சு போச்சு. எல்லாருக்கும் வேலை, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது. யாருக்கு நேரம்?"

"அதுவும் சரிதான்" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. நான் சொன்னால் அவள் நம்புவாள். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது, வெர்னுடையது போல இருந்தது. நோலீன் தலையைத் திருப்பினாள்.

ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.